நரம்பில் ஏறும் வெள்ளை பாட்டில்: பாலா, மருந்தா?

"அண்ணாச்சி, பாலை நரம்பிலே ஏத்துறாங்களே! உசிருக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

மும்பையில் ஓர் ஆஸ்பத்திரி வார்டு வாசலில் அந்தப் பெண்மணி என்னிடம் கேட்டார். கணவர் எங்கள் ரயில்வேயில் கேங்மேன். சொந்த ஊர் நெல்லைப் பக்கம். குடல் அடைப்புக்கு ஆபரேஷன் ஆகி எட்டு நாள். வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. "அந்த பாட்டிலை எடுக்கச் சொல்லுங்க, குளுக்கோஸ் போதும்" என்று அழுதார். அவருக்கு இந்தி தெரியாது. டாக்டரிடம் நான் கேட்டு வந்து சொன்னேன்.

குளுக்கோஸ் போதுமா?

போதாது. வழக்கமான 5 சதவீத குளுக்கோஸ் அரை லிட்டரில் இருப்பது 25 கிராம் சர்க்கரைதான். 100 கலோரிக்கு மேல் தேறாது. சர்க்கரையைக் கூட்டினாலோ கையிலுள்ள சிறு ரத்தக் குழாய்கள் புண்ணாகிவிடும். ஆனால் 20 சதவீதக் கொழுப்புத் திரவம் அரை லிட்டர், சுமார் 1,000 கலோரி தரும்; குழாயையும் அவ்வளவாக உறுத்தாது.

பால் அல்ல, எண்ணெய்!

அது சோயா எண்ணெய். வெறும் எண்ணெயை நரம்பில் ஏற்றினால் நுரையீரல் குழாய்களை அடைத்து ஆளையே கொன்றுவிடும். ஆகவே, முட்டை மஞ்சள் கருவிலிருந்து எடுத்த ஒரு பொருளைச் சேர்த்து, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் சிறிய துளிகளாக உடைக்கிறார்கள். அதனால்தான் பால் போன்ற வெள்ளை நிறம்.

முன்பு அமெரிக்காவில் பருத்திக்கொட்டை எண்ணெயில் செய்து பார்த்தார்கள். காய்ச்சலும் குளிர் நடுக்கமும் வந்ததால் கைவிட்டார்கள். 1960-களின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டு விஞ்ஞானி ஆர்விட் ரெட்லிண்ட், சோயா எண்ணெயில் வெற்றி கண்டார். அதன் பெயர் 'இன்ட்ராலிப்பிட்'.

உறவினர் கவனத்துக்கு

முட்டை, சோயா, நிலக்கடலை ஒத்துக்கொள்ளாதவர் என்றால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சீக்கிரம் முடியட்டும் என்று சொட்டு வேகத்தை நீங்களாகக் கூட்டாதீர்கள். பாட்டிலில் எண்ணெய் தனியே பிரிந்து மிதந்தாலோ, நோயாளிக்கு நடுக்கம், மூச்சுத்திணறல் வந்தாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று: வாயால் சாப்பிட முடிந்தவருக்கு இது வேண்டாம். "உடம்பு தேற ஒரு வெள்ளை பாட்டில் போடுங்க" என்று கேட்டுக் காசைக் கரைக்காதீர்கள். குடல் வேலை செய்தால் கஞ்சியே மேல்.

விளக்கம் கேட்டதும் அந்தப் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாட்டில் தொடர்ந்து ஏறியது. ஆறாம் நாள் அவர் கையாலேயே கணவருக்கு அரிசிக் கஞ்சி கொடுத்தார்.