வரம் என்ற சொல்லில் மறையும் உழைப்பு

ஒருவரது அபாரத் திறமையைக் கண்டு வியக்கும்போது, 'இது பிறவியிலேயே வாய்த்த வரம்' என்று கூறிவிடுவது பொதுவான வழக்கமாகும். பாராட்டாகவே கூறப்படும் இச்சொல், அத்திறமைக்குப் பின்னாலுள்ள பல்லாண்டு கால உழைப்பை மறைத்துவிடுவதும் உண்டு. அமெரிக்க ஜாஸ் இசையின் முன்னோடிகளுள் ஒருவரான ட்ரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ரோங்கின் வாழ்க்கை இதற்குச் சிறந்த உதாரணமாகும்.

ஜாஸ் கலைஞர்கள் மேடையிலேயே இசையைப் புனைந்து வாசிப்பவர்கள். எனவே, அது பயிற்சியின்றித் தானாக ஊற்றெடுப்பது என்ற எண்ணம் பலரிடமும் நிலவியது. கறுப்பின மக்களுக்கு இசை இரத்தத்திலேயே ஊறியது என்ற கூற்றும் இதனுடன் சேர்ந்துகொண்டது. வெள்ளையினக் கலைஞன் கற்றுத் தேர்ந்தவன், கறுப்பினக் கலைஞன் இயற்கையின் குழந்தை என்ற இப்பாகுபாடு, புகழுரைப் போர்வையில் வந்த அவமதிப்பேயாகும்.

1901ஆம் ஆண்டு நியூ ஓர்லியன்ஸ் நகரில் வறிய குடும்பமொன்றிற் பிறந்த ஆம்ஸ்ட்ரோங், 1912ஆம் ஆண்டின் இறுதி இரவில் வீதியில் கைத்துப்பாக்கியால் சுட்டமைக்காகச் சிறுவர் சீர்திருத்த இல்லமொன்றுக்கு அனுப்பப்பட்டார். ட்ரம்பெட்டை ஒத்த கோர்னெட் வாத்தியத்தில் பீற்றர் டேவிஸ் என்ற ஆசிரியரிடம் அவர் ஒழுங்கான பயிற்சி பெற்றது அங்குதான். பின்னர் ஜோ 'கிங்' ஒலிவர் அவருக்கு வழிகாட்டினார். மிசிசிப்பி நதியில் ஓடிய உல்லாசக் கப்பல்களின் இசைக்குழுவில் பணியாற்றிய காலத்தில், இசைக்குறிப்புகளைப் பார்த்து வாசிக்கும் பயிற்சியையும் பெற்றார். ஒலிவரின் அழைப்பின் பேரில் 1922இல் சிகாகோ சென்றபோது அவருக்கு வயது 21. ஆனால், அவரது பயிற்சிக்கு வயது ஏறக்குறைய பத்தாண்டுகள்.

அவர் 1926 பெப்ரவரியில் ஒலிப்பதிவு செய்த 'கோர்னெட் சொப் சூய்' என்ற இசை, அக்கணத்திற் பிறந்தது போலவே செவிக்கு ஒலிக்கின்றது. எனினும், அதனை அவர் தமது கைப்பட எழுதி, 1924 ஜனவரியிலேயே பதிப்புரிமைக்காகச் சமர்ப்பித்திருந்தார். ஒலிப்பதிவின் பெரும்பகுதி அவ்வெழுத்துப் பிரதியுடன் ஒத்துப்போகின்றது. தற்செயலாகத் தோன்றிய பாய்ச்சலுக்குப் பின்னால், ஈராண்டுகளுக்கு முன்னரே எழுதி முடித்த ஆயத்தம் இருந்தது.

இயல்பான ஆற்றல் என ஒன்று இல்லை என்பது இதன் பொருளன்று. அதே இல்லத்தில், அதே ஆசிரியரிடம் வேறு சிறுவர்களும் பயின்றனர். அவர்களுள் ஒருவரே ஆம்ஸ்ட்ரோங் ஆனார். ஆயினும், வாத்தியமும் ஆசிரியரும் கிடைத்திராவிடின் அவ்வாற்றல் வீதியிலேயே வீணாகியிருக்கக்கூடும்.

'இந்தப் பிள்ளைக்கு இது வராது' என்று பெற்றோரும் ஆசிரியரும் எளிதிற் கூறிவிடுகின்றனர். அத்தீர்ப்பை வழங்குமுன், அப்பிள்ளையின் கையில் கருவியைக் கொடுத்தோமா, கற்பிப்பதற்கு ஒருவரை அமர்த்தினோமா, போதிய காலம் பொறுத்திருந்தோமா எனத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வது அவர்களது கடமையாகும்.