விரதம் பிள்ளையுடையது, நேரசூசி பாடசாலையுடையது

2026இல் மகா சிவராத்திரி பெப்ரவரி 15ஆம் திகதி. தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் 18ஆம் திகதி. ரமழான் நோன்பும் அதே வாரத்தை ஒட்டியே வருகிறது. நம் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் சூடுபிடிப்பதும் இந்த முதலாம் தவணையில்தான். கோவிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் கூப்பிடு தூரத்தில் நிற்கும் கொட்டாஞ்சேனையில், ஓர் அஞ்சலோட்டக் குழுவின் நான்கு பிள்ளைகளில் மூவர் மூன்று வெவ்வேறு காரணங்களுக்காக வெறும் வயிற்றோடு கோட்டில் நிற்கலாம்.

அவர்களின் உடலுக்குள் நடப்பது ஒன்றல்ல. சிவராத்திரிக்கு உபவாசம் இருக்கும் பிள்ளை பெரும்பாலும் தண்ணீர் குடிக்கும். ஆனால் இரவு முழுவதும் விழித்திருக்கும். ஆண்டின் வேறொரு காலத்தில் வரும் கேதாரகௌரி விரதத்தை 21 நாளும் பிடிக்கும் பிள்ளைக்கு ஒருநேரச் சாப்பாடு வாரக்கணக்கில் நீள்கிறது. நோன்பாளிக்கோ ஸஹர் முடிந்ததிலிருந்து நோன்பு திறக்கும் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் கொழும்பில் அது எந்தப் பருவத்திலும் ஏறத்தாழ 13 மணித்தியாலம்தான். 2012 ஒலிம்பிக் ரமழானில் நடந்தபோது லண்டனில் நோன்பு இதைவிடப் பல மணித்தியாலம் நீண்டது. ஆனால் லண்டனில் வெள்ளவத்தையின் புழுக்கம் கிடையாது. நமக்கு அதுதான் பெரிய பிரச்சினை.

பசியைப் பார்த்துத்தான் பெற்றோர் பயப்படுகிறார்கள். உண்மையில் பசி ஓரளவு சமாளிக்கக்கூடியது. வளர்ந்தவரின் ஈரலில் சுமார் 100 கிராம் கிளைக்கோஜன் இருக்கும். இரவுத் தூக்கத்திலேயே அதில் பெரும்பகுதி கரைந்துவிடும். தசைகளில் அதைவிடப் பல மடங்கு சேமிப்பு உண்டு. ஓடாத வரை அது அவ்வளவாகக் குறையாது. அதனால் நோன்போடு 100 மீற்றர் ஓடுபவருக்கு எரிபொருள் தட்டுப்பாடு வராது.

தண்ணீர்தான் ஆபத்து. ஒரு லீற்றர் வியர்வை தோலில் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்லும். ஆவியாக வேண்டும், அதுதான் நிபந்தனை. கடற்காற்றில் ஈரம் நிறைந்த கொழும்புப் பிற்பகலில் வியர்வை காய்வதில்லை, வழிந்து நிலத்தில் விழுகிறது. உடலுக்குத் தண்ணீரும் நட்டம், குளிர்ச்சியும் இல்லை. கடும் பயிற்சியில் ஒரு மணித்தியாலத்தில் ஒரு லீற்றருக்கு மேலும் வியர்க்கலாம். 50 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது உடல் எடையில் 2 சதவீதம். அந்த அளவிலேயே ஓட்டம் தளரும், இதயம் வேகமாக அடிக்கும். குறைந்துபோன இரத்தத்தை வேலை செய்யும் தசையும் வெப்பத்தை வெளியேற்றும் தோலும் பங்குபோடுகின்றன. உடலின் உள்வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டி மூளை குழம்பத் தொடங்கினால் அது வெப்பத் தாக்கம். கொழும்பு மைதானங்களில் பயிற்சி பெரும்பாலும் மூன்று, மூன்றரைக்குத்தான் தொடங்குகிறது. நோன்பாளியின் உடலில் தண்ணீர் வேகமாகக் குறைந்துவரும் நேரம் அது. சுகததாச விளையாட்டரங்கைப் போன்ற செயற்கைத் தடங்கள் புல்தரையை விடச் சூடானவை.

ரமழானும் உதைபந்தாட்டமும் பற்றி நடந்த இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அல்ஜீரியத் தொழில்முறை வீரர்களின் வேகமும் தாங்குதிறனும் நோன்பு மாதத்தில் குறைந்தன. துனீசியாவில் முகாமில் தங்கிப் பயிற்சி பெற்ற இளம் வீரர்களிடம் அப்படியொரு சரிவு பெரிதாகத் தெரியவில்லை. முகாமில் உணவு, தூக்கம், பயிற்சி எல்லாவற்றுக்கும் ஒழுங்கு இருந்தது. ஆய்வுகளின் வழிமுறைகள் வேறுபட்டவை, எனவே ஒரே காரணத்தைக் கைகாட்ட முடியாது. ஆனாலும் நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இதுதான்: நோன்பைச் சூழ்ந்திருக்கும் ஏற்பாடு, நோன்பளவுக்கே முக்கியம்.

அந்த ஏற்பாடு யார் கையில்? "நோன்பு பிடிப்பதா இல்லையா என்பது பிள்ளையின் விருப்பம், வீட்டாரின் பொறுப்பு" என்று பயிற்றுநர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதில் பாதிதான் உண்மை. பயிற்சியை மூன்று மணிக்கு வைத்தது பிள்ளையல்ல. மரதன் ஓட்டத்தைத் தள்ளிப்போடும் அதிகாரம் தாய்க்கு இல்லை. சலுகை மார்க்கத்திலேயே இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது: நோயாளியும் பயணியும் நோன்பைப் பிறகு பிடிக்கலாம். 2012 ஜூலையில் லண்டன் ஓவல் மைதானத்தில் ஆட்டமிழக்காமல் 311 ஓட்டம் எடுத்த தென்னாபிரிக்கத் துடுப்பாட்ட வீரர் ஹஷிம் அம்லா, பயணத்தில் இருப்பதால் பின்னர் பிடிப்பதாகச் சொன்னார். அவர் உலகறிந்த வீரர். சொந்த ஊரில், இல்லத்துக்காக ஓடும் 14 வயதுப் பிள்ளை பயணியுமல்ல, நோயாளியுமல்ல. "மிஸ், தலை சுத்துது" என்று சொல்லவே கூச்சப்படும். பெற்றோர் ஒப்பமிட்ட அனுமதிக் கடிதம் கையில் இருப்பதால் அந்தப் பிள்ளையைக் கவனிக்கும் கடமை ஆசிரியருக்கு இல்லாமல் போய்விடாது.

2024 மார்ச் 11ஆம் திகதி, அம்பாறை மாவட்டத்தின் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓடிய 16 வயது மாணவன் சுகவீனமுற்று உயிரிழந்தான். அங்கே பேச்சு விரதத்தைப் பற்றியதல்ல. ஆனால் வெயில் கடுமையாக இருப்பதால் மாணவர்களை வெளிக்கள விளையாட்டில் ஈடுபடுத்துவதைக் கட்டுப்படுத்துமாறு கல்வி அமைச்சு அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே அறிவுறுத்தியிருந்தது. வெறும் வயிறும் வறண்ட தொண்டையும் இல்லாமலே இவ்வளவு நடக்கும் என்றால், அவையும் சேரும் நாளில் எவ்வளவு கவனம் வேண்டும்!

செய்ய முடியாத காரியமும் அல்ல. 2021 ஏப்ரலில் இங்கிலாந்து உதைபந்தாட்டக் கழகங்களான லெஸ்டர் சிட்டியும் கிறிஸ்டல் பலஸும் மோதிய ஆட்டம் சூரியன் மறைந்த பின் சற்று நின்றது. கோல்காப்பாளர் உதையைத் தாமதிக்க, நோன்பாளிகளான இரண்டு வீரர்கள் ஓரத்துக்குப் போய் நோன்பு திறந்தார்கள். அணித்தலைவர்கள் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். நமக்கும் இது முடியும். மூன்று மணிப் பயிற்சியை நோன்பு திறந்த பிறகு, மின்விளக்கில், குறைத்து நடத்தலாம். சிவராத்திரிக்கு மறுநாள் நெடுந்தூர ஓட்டம் வைக்காமல் விடலாம். யார் விரதம் என்பதை எல்லார் முன்னிலையிலும் கேட்காமல், முந்தின நாளே தனியாகக் கேட்டுக் குறித்து வைக்கலாம்.

போட்டி நாளில் பிரமுகர்களின் கூடாரத்துக்குப் பின்னால் ஒரு பெட்டி நிறைய ஐஸும் அதில் குளிர்பானப் போத்தல்களும் இருக்கும். ஓட்டம் முடியும் இடத்தில் ஒரு வாளித் தண்ணீர்கூட இராது. அந்த ஐஸில் பாதி முடிவுக்கோட்டில் இருக்க வேண்டும், பக்கத்தில் ஒரு பெரிய தொட்டியும். ஓடிய பிள்ளை தள்ளாடினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், உடனே நிழலுக்குத் தூக்கிச் சென்று கழுத்து வரை குளிர்ந்த நீரில் இறக்க வேண்டும், தலையை ஒருவர் தாங்கிப் பிடித்தபடி. தொட்டி இல்லையென்றால் ஐஸ் தண்ணீரில் நனைத்த துவாய்களால் உடல் முழுவதும் போர்த்தி, அவற்றை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொருவர் அதே நேரத்தில் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை அழைக்கட்டும். அம்புலன்ஸ் வரட்டும் என்று குளிர்விப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. முதல் அரை மணித்தியாலம்தான் உயிரைக் காக்கும். நினைவு தப்பியிருந்தால் வாயில் தண்ணீரோ ஜீவனியோ ஊற்ற வேண்டாம், அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.