ஒரு சில்லுக்கு இரு விலை

விலை கூடிய முறைவழியாக்கி வேறோர் அமைப்பினது என்றே கணினி வாங்குவோர் கருதுவர். அஃது எப்பொழுதும் உண்மையன்று.

இன்ரெல் நிறுவனத்தார் 1989 இல் வெளியிட்டதும், பின்னர் டி.எக்ஸ். எனப் பெயர் பெற்றதுமான 486 சில்லு ஏறத்தாழ 12 இலட்சம் திரான்சிற்றர்களைக் கொண்டது. தசம எண்களின் கணிதத்தை விரைந்து செய்யும் பகுதியும் அதனுள்ளேயே அமைந்திருந்தது. 1991 இல் குறைந்த விலைக்கு வந்த 486 எஸ்.எக்ஸ். சில்லுகளுள் முந்தியவற்றிலும் அப்பகுதி இருந்தது. ஆயின், இயங்காதவாறு முடக்கப்பட்டிருந்தது. புதியதொன்றை வரைந்து ஆக்குவதினும் உள்ளதை முடக்கி விற்றல் எளிதன்றோ!

விந்தை அதனோடு முடியவில்லை. கணித வேகம் வேண்டுவோர்க்கெனத் தனியே விற்கப்பட்ட 487 எஸ்.எக்ஸ். பெயரளவிலேயே துணைச்சில்லாகும். உண்மையில் அது முழுமையான டி.எக்ஸ். சில்லே, பொருத்தியவுடன் முன்னிருந்த சில்லை உறங்கச் செய்து, வேலை முழுவதையும் தானே மேற்கொண்டது. வாங்கியவரோ ஒரே பகுதிக்கு இருமுறை விலை கொடுத்தவரானார். எழுத்துவேலை மட்டும் செய்வோர்க்கு எஸ்.எக்ஸ். போதியதாயிருந்தது, பொறியியல் வரைபடம் வரைவோர்க்கே டி.எக்ஸ். வேண்டப்பட்டது.