தையற்பொறியைத் தெரிந்தெடுத்தல்

ஒரு குடும்பம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு வாங்கும் பொருள்களுள் தையற்பொறிக்குத் தனி இடமுண்டு. நன்கு ஆராய்ந்து வாங்கினால் அது தாயின் கையிலிருந்து மகளின் கைக்குச் செல்லும். ஆராயாது வாங்கினாலோ, உறையிடப்பட்டு மூலையில் கிடந்து, தவணைப் பணத்தை மாத்திரம் மாதந்தோறும் நினைவூட்டும். பஞ்சு பொதிந்த ஒட்டுத்துணிப் போர்வை, அதாவது குவில்ற், தைக்க விரும்புவோர் இவ்விடயத்தில் இருமடங்கு விழிப்பாயிருத்தல் வேண்டும்.

காரணம் யாது? சட்டை தைக்கும்போது இரண்டு துணிகளே ஊசியின் கீழ்ச் செல்கின்றன. குவில்ற்றிலோ துண்டுகளை இணைத்த முகத்துணி, நடுவே பஞ்சுப்படலம், கீழே அடித்துணி என மூன்று அடுக்குகள் உள. பொறியின் அடித்தட்டிலுள்ள பற்கள் கீழ்த்துணியை மாத்திரமே பற்றி முன்தள்ளுகின்றன. மேலுள்ள அழுத்துபாதமோ மேற்றுணியைத் தடுத்து நிற்கின்றது. ஆகவே கீழடுக்கு முந்த, மேலடுக்கு பிந்த, போர்வை சுருக்கம் விழுந்து கோணலாகின்றது.

இக்குறையை நீக்குவது 'நடைபாதம்' எனத்தக்க ஒரு துணைக்கருவி. இதன் கவர்போன்ற சிறுகை ஊசியைப் பிடிக்கும் திருகாணியின்மீது பொருந்தும். ஊசி ஏறியிறங்குந்தோறும் பாதத்திலுள்ள பற்களும் உயர்ந்து தாழ்ந்து, மேற்றுணியைக் கீழ்த்துணியோடு ஒத்து நடத்திச் செல்லும். எனவே, கடைக்காரரிடம் கேட்கவேண்டிய முதற்கேள்வி, "இப்பொறிக்குப் பொருந்தும் நடைபாதம் கிடைக்குமா?" என்பதே. கையிலுள்ள பணம் முழுவதையும் பொறிக்கே செலவிடாது, இப்பாதத்துக்கும் ஊசிகளுக்கும் நல்ல நூலுக்கும் ஒரு பங்கை ஒதுக்கிவைத்தல் அறிவுடைமையாகும்.

அடுத்துக் கவனிக்கத்தக்கது, ஊசிக்கும் வலப்புறத் தூணுக்கும் இடைப்பட்ட வெளி. வீட்டுப் பொறிகள் பலவற்றில் இது ஆறரை அல்லது ஏழு அங்குலமே. பெரிய போர்வையொன்றைச் சுருட்டி இவ்விடைவெளியில் நுழைப்பது எளிதன்று. அகன்ற வெளியுள்ள பொறிகளோ விலை மிக்கன. வசதி குறைந்தோர் இதற்காக மனந்தளர வேண்டியதில்லை. போர்வையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பஞ்சோடு தைத்து முடித்து, பின்னர் ஒன்றோடொன்று இணைக்கும் முறையொன்றுண்டு. முழுப்போர்வையையே தைப்பதாயினும், நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் தைத்தால் அகலத்தின் பாதியளவே தூணின் பக்கம் சுருண்டிருக்கும். பொறியின் இடப்புறத்திலும் பின்புறத்திலும் ஒரு மேசையிட்டுப் போர்வையின் பாரத்தைத் தாங்கினால், துணி இழுபட்டு ஊசி முறியாது.

நூறு வகைத் தையல் போடும் பொறி என்ற விளம்பரத்தைக் கேட்டு மயங்குதல் கூடாது. குவில்ற்றுக்கு வேண்டியது ஒழுங்கான நேர்த்தையலும், ஒட்டு வேலைப்பாட்டுக்கு ஒரு வளைவுத் தையலுமே. தையலின் நீளத்தை மாற்றும் வசதி வேண்டும். துண்டுகளை இணைக்க ஏறக்குறைய இரண்டரை மில்லிமீற்றரும், மூன்றடுக்கையும் தைக்க மூன்று மில்லிமீற்றரும் ஏற்றவை. பூவும் கொடியுமாய்த் துணியை விரும்பியவாறு நகர்த்தித் தைக்க எண்ணுவோர், அடிப்பற்களைத் தாழ்த்தும் விசை உண்டோ எனவும் பார்த்தல் வேண்டும்.

கடைக்குச் செல்வோர் வெறுங்கையோடு செல்லலாகாது. தாம் தைக்கவிருக்கும் துணியிலும் பஞ்சிலும் ஒரு சாண் அளவான மூன்றடுக்கு மாதிரி கொண்டுசெல்க. நடுவே நான்கு துண்டுகள் கூடும் தடித்த மூட்டு ஒன்றிருத்தல் நன்று. 90ஆம் இலக்க ஊசியிட்டு, அம்மூட்டின்மேல் முதலில் மெதுவாகவும் பின்னர் விரைவாகவும் தைத்துப் பார்த்தல் வேண்டும். பொறி முனகி நிற்கின்றதா, தையல் விடுபடுகின்றதா, மறுபுறத்தில் நூல் முடிச்சிட்டுத் தொங்குகின்றதா என நோக்குக. விற்பவரின் புகழுரையினும் அச்சிறு மாதிரி மெய் பேசும்.

விலை பற்றியும் ஒரு சொல். தவணை முறை புதியதன்று. ஐசாக் சிங்கரின் பங்காளியான எட்வேட் கிளாக் 1856ஆம் ஆண்டிலேயே தையற்பொறிகளை அம்முறையில் விற்கத் தொடங்கினார். அது ஏழைக்கும் பொறியைக் கொணர்ந்தது, கடனையும் கொணர்ந்தது. ஆதலின் மாதத் தவணை எவ்வளவு என்பதை மட்டும் கேளாது, எல்லாத் தவணைகளையும் கூட்டிவரும் தொகையைக் கேட்டறிதல் வேண்டும். கனடாவிலுள்ள உறவினர் அனுப்பும் பொறி இலவசமெனினும், அது 120 வோல்ற்றுக்கு அமைந்ததாயின் இலங்கையின் 230 வோல்ற் மின்சாரத்தில் நேரே இணைக்கக் கருகிவிடும். 2022இல் நாடு நீண்ட மின்வெட்டுக்களால் இருண்டிருந்தபோது, காலால் மிதிக்கும் பழைய பொறிகளே தடையின்றி ஓடின என்பதும் மறக்கத்தக்கதன்று.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரின் வறிய கறுப்பின மாதர், நைந்துபோன வேலையுடைகளைக் கிழித்து இணைத்துத் தம் மக்களின் குளிர் போக்கினர். அவர்கள் தைத்த போர்வைகள் 2002இல் நியூயோர்க்கின் விற்னி நூதனசாலையில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவற்றைக் கண்டோர் வியந்தது பொறியின் விலையை அன்று. தேவைக்கேற்ற கருவியும், அதனை அறிந்து ஆளும் கையும் சேருமிடத்து, கழிவென ஒதுக்கிய துணியும் ஒரு வீட்டின் செல்வமாகும்.