நேர்த்திக்கடனுக்கு நுழைவுச் சீட்டா?

காய்ச்சலிலே கிடக்கிறான் மகன். மூன்று நாளாகக் கண் திறக்கவில்லை. அரசு மருத்துவமனைக் கட்டிலருகே, மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறாள் தாய். மஞ்சள் துணியில் ஒற்றை ரூபாயை முடிகிறாள். "ஆத்தா! பிள்ளை பிழைக்கட்டும். உன் சன்னதிக்குத் தூக்கி வந்து முடி இறக்குகிறேன்" என்கிறாள்.

பிள்ளை பிழைக்கிறான். பிழைக்க வைத்தது மருந்து என்போம் நாம். மாரி என்பாள் அவள். அந்த வழக்கு இன்றைக்கு வேண்டாம்! ஊருக்கு ஊர் இருக்கிறாள் இப்படியொரு தாய். அவள் கண்ணீரைக் கேலி செய்யும் கல்நெஞ்சம் பகுத்தறிவாளருக்குக் கிடையாது.

மாரி என்றாலே அம்மை என்று நடுங்கிய காலம் உண்டு. 1796-ல் ஜென்னர் என்ற மருத்துவர் பசு அம்மைப் பாலைக் கொண்டு தடுப்பு முறை கண்டார். 1980-ல், பெரியம்மை உலகை விட்டே ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நோய் போயிற்று, நேர்த்திக்கடன் போகவில்லை. அச்சம் போன இடத்தில் நன்றி வந்து அமர்ந்திருக்கிறது. நல்லது!

சமயபுரத்திலே ஓர் ஐதீகம். பக்தர்கள் நோய்நொடியின்றி வாழ, அம்மனே 28 நாள் பச்சைப் பட்டினி கிடக்கிறாளாம். சமைத்த சோறு படைப்பதில்லை. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், அவ்வளவே! மக்களுக்காகத் தெய்வமே பட்டினி கிடக்கிறது என்று எண்ணிய ஏழையின் உள்ளம் எத்தகைய உள்ளம்!

அந்த ஏழை கோயிலுக்கு வருகிறாள். என்ன காண்கிறாள்? பெரிய கோயில்கள் பலவற்றில் இரண்டு வரிசை! பணம் தந்தவருக்கு ஒரு வரிசை. பக்தி மட்டுமே வைத்திருப்பவருக்கு ஒரு வரிசை. முன்னது நடக்கிறது, பின்னது நிற்கிறது. நோயிலிருந்து நேற்று எழுந்த பிள்ளை தோளிலே துவள்கிறான். மணிக்கணக்கில் நிற்க அவனால் ஆகுமா? சீட்டு வாங்கலாம், வாங்கினால் ஊர் திரும்பப் பேருந்துக்குக் காசு? இது வழிபாடா, வாணிபமா?

மொட்டைக்கும் கட்டணம் இருந்தது ஒரு காலம். 2021-ல் அமைந்த கழக ஆட்சி, அறநிலையத் துறைக் கோயில்களில் முடி காணிக்கைக்குக் கட்டணமில்லை என்று அந்த ஆண்டு செப்டம்பரில் அறிவித்தது. கத்தி பிடிக்கும் தொழிலாளியின் வயிறு வாடக் கூடாதென்று மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகையும் தந்தது. கடவுளை நம்பாதோர் எனப் பழிக்கப்பட்டோர் செய்த காரியம் இது! ஆனால் பாதி வழி வந்து நின்றுவிடலாமா? தலைமுடிக்குக் கட்டணம் கூடாதென்றால், தரிசனத்துக்கு மட்டும் ஏன்?

"விளக்கெரிக்க எண்ணெய் வேண்டாமா? திருப்பணிக்குப் பணம் வேண்டாமா?" என்பர். வேண்டும்! கோயில்களுக்கு 4 லட்சம் ஏக்கருக்கு மேல் நிலம் இருக்கிறதே! குத்தகை பாக்கி வைத்தவன் யார்? மனையை வளைத்துக்கொண்டவன் யார்? அவன் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். நோயாளியின் தாயிடம் நீட்டிய கையை மடக்குங்கள். கோயில் சொத்து சிலருடைய கொள்ளைப் பொருளாகக் கூடாதென்றுதானே 1925-ல், நீதிக்கட்சி ஆட்சியிலே, பனகல் அரசர் முதலமைச்சராக இருந்தபோது, அறநிலையச் சட்டம் வந்தது!

எனவே கேட்கிறோம். பணத்தால் பிரிந்த வரிசைகள் ஒன்றாகட்டும். முந்திச் செல்லும் உரிமை எவருக்கேனும் உண்டென்றால், அது நோயில் மெலிந்தவருக்கும், முதியவருக்கும், கைக்குழந்தை ஏந்தியவருக்கும் கட்டணமின்றிக் கிடைக்கட்டும்.

அரசு மருத்துவமனை வாசலிலே அவள் மகனின் உயிருக்கு எவரும் விலை கேட்கவில்லை. அந்த உயிருக்கு நன்றி சொல்ல வந்த வாசலிலா விலை கேட்பது?