கைப்பேசிவழி உடற்செயற்பாட்டு ஊக்குவிப்பு

கைப்பேசிவழி உடற்செயற்பாட்டு ஊக்குவிப்பு என்பது, ஆரம்ப சுகாதார நிலையம், குடும்ப மருத்துவர் போன்ற முதல்நிலை மருத்துவ சேவைகளை நாடி வருவோரைக் கைப்பேசிச் செயலி அல்லது குறுஞ்செய்தி மூலம் கூடுதலாக நடக்கவும் உடலை இயக்கவும் தூண்டும் முறையாகும். நீரிழிவு, உயர் குருதி அழுத்தம், இதயநோய் ஆகியவற்றைத் தடுப்பதும் கட்டுப்படுத்துவதும் இதன் நோக்கங்களாகும். இம்முறையின் பயன், பயனாளியின் தொழிலையும் வாழ்க்கை முறையையும் பெரிதும் சார்ந்துள்ளது.

பின்னணி

வளர்ந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடற்செயற்பாட்டில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2020 ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. 2022 ஆம் ஆண்டு நிலவரப்படி இந்தியாவில் வளர்ந்தோருள் ஏறத்தாழ பாதிப் பேர் போதிய அளவு இயங்குவதில்லை என 2024 இல் வெளியான மதிப்பீடு ஒன்று தெரிவித்தது. தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் நடத்தப்பட்டு 2014 இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வில், 54.4 விழுக்காட்டினர் இயக்கம் குறைந்தவர்களாக இருந்தனர். பொழுதுபோக்காக உடற்பயிற்சி செய்வோர் 10 விழுக்காட்டிற்கும் குறைவு.

கூட்டம் மிகுந்த மருத்துவமனையில் நோயாளியிடம் நடைப்பயிற்சி பற்றிப் பேச மருத்துவருக்குக் கிடைப்பது ஓரிரு நிமிடங்களே. அடுத்த வருகை வரையுள்ள இடைவெளியை நிரப்பும் கருவியாகக் கைப்பேசி கருதப்படுகிறது.

செயற்படும் முறை

திறன்பேசியில் உள்ள முடுக்கமானி என்னும் உணரி, உடலின் அசைவை அளக்கிறது. நடக்கும்போது ஏற்படும் சீரான அதிர்வுகளைச் செயலி அடிகளாகக் கணக்கிட்டு, அன்றாட இலக்குடன் ஒப்பிட்டுக் காட்டுகிறது. இலக்கு வைத்தல், தன்னைத்தானே கண்காணித்தல், பின்னூட்டம் பெறுதல் ஆகிய மூன்றுமே இதன் அடிப்படைகள். பரவலாகச் சொல்லப்படும் ‘நாளுக்கு 10,000 அடி’ என்னும் இலக்கு, 1965 இல் சப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியதாகும். அது மருத்துவ ஆய்வில் பிறந்த எண் அன்று.

அயர்லாந்தின் மேற்குப் பகுதியில் முதல்நிலை மருத்துவப் பயனாளிகள் 90 பேரிடம் நடத்தப்பட்டு 2014 இல் வெளியான ‘ஸ்மார்ட் மூவ்’ ஆய்வில், செயலியைப் பயன்படுத்தியோர் எட்டாவது வாரத்தில் மற்றவர்களைவிட நாளொன்றுக்குச் சராசரியாக 1,029 அடிகள் கூடுதலாக நடந்தனர். எனினும் எட்டு வாரம் என்பது குறுகிய காலமே.

தமிழ்நாட்டு ஆய்வுகள்

சென்னையைச் சேர்ந்த நீரிழிவு மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையிலான குழு 2006 இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்ட ஆய்வு, நேரடி அறிவுரை மூலம் உணவையும் உடற்செயற்பாட்டையும் மாற்றினால் நீரிழிவைத் தடுக்கலாம் எனக் காட்டியது. நேரடி அறிவுரைக்கு ஆட்களும் நேரமும் மிகுதியாகத் தேவை. ஆகவே அதே குழு, இலண்டன் இம்பீரியல் கல்லூரியுடன் இணைந்து குறுஞ்செய்தியைச் சோதித்தது.

2013 இல் வெளியான இவ்வாய்வில், நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுந்த 537 ஆண் தொழிலாளர்கள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். இரண்டு ஆண்டுகளில் குறுஞ்செய்தி பெற்ற 271 பேரில் 50 பேருக்கும், பெறாத 266 பேரில் 73 பேருக்கும் நீரிழிவு ஏற்பட்டது. அதாவது, 11 பேருக்குச் செய்தி அனுப்பினால் ஒருவருக்கு நீரிழிவு தவிர்க்கப்படுகிறது. ஆனால், உண்ணும் உணவின் அளவு குறைந்ததே தவிர, உடற்செயற்பாட்டில் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. பின்னர் இந்தியாவிலும் பிரித்தானியாவிலும் 2,062 பேரிடம் நடத்தப்பட்டு 2020 இல் வெளியான ஆய்வில், குறுஞ்செய்தியால் நீரிழிவு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. செய்தி அனுப்புவது எளிது; உடலை இயக்கச் செய்வது அரிது என்பதையே இவை உணர்த்துகின்றன.

மீனவ ஊர்களும் அடிக்கணக்கும்

இம்முறையின் எல்லைகளைப் புரிந்துகொள்ளப் பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள ஊர்கள் நல்ல எடுத்துக்காட்டாகும். படகு செலுத்துவதும், வலை இழுப்பதும், நீரில் நின்று கையால் இறால் பிடிப்பதும் கடும் உடலுழைப்புகள். ஆயினும் கரையில் விட்டுச்சென்ற கைப்பேசி இவற்றுள் எதையும் எண்ணாது. உடன் எடுத்துச் சென்றாலும் கை உழைப்பு அடியாகப் பதிவாவதில்லை. உலக சுகாதார அமைப்பின் வினாநிரலோ தொழில், பயணம், ஓய்வு ஆகிய மூன்றிலும் நிகழும் இயக்கத்தைக் கணக்கில் கொள்கிறது. எனவே செயலி ‘இயக்கம் குறைவு’ என்று காட்டும் மீனவர் உண்மையில் போதுமான அளவு உழைப்பவராக இருக்கலாம். அவருக்கு நடைப்பயிற்சியைவிட உப்பு, புகையிலை பற்றிய அறிவுரையே பயன்படக்கூடும்.

அதே வேளையில் ஆரம்பாக்கம் போன்ற எல்லையோர ஊர்களுக்கு அருகே கும்மிடிப்பூண்டி சிப்காட், ஆந்திரத்தின் சிறீ சிட்டி ஆகிய தொழிற்பேட்டைகள் உள்ளன. அங்கு அமர்ந்து பணிபுரிவோருக்கு அடிக்கணக்கு பொருந்தும். இவ்வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் வழங்குவதால், செய்தியின் மொழியும் கருதத்தக்கது.

கைப்பேசி யார் கையில் உள்ளது என்பதும் முக்கியமானது. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைப்பேசியை உடைய பெண்கள் இந்தியாவில் 54 விழுக்காட்டினரே. தமிழ்நாட்டில் 2021 ஆகத்து 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று நீரிழிவு, குருதி அழுத்த நோயாளிகளுக்கு மருந்து வழங்குகின்றனர். இத்தகைய நேரடிச் சந்திப்பில் ஒருவரது தொழிலைக் கேட்டறிந்த பின்னரே, அவருக்குச் செயலி ஏற்றதா என முடிவு செய்ய இயலும்.