நிழற்படத்தைக் கொண்டு ஊரை அறிதல்: சாலைக் கடைத்தெரு கற்பிக்கும் பாடம்

கைப்பேசிக்கு ஒரு நிழற்படம் வந்து சேர்கிறது. ஓடு வேய்ந்த சிறு வீடு. முன்னே குறுகலான தெரு. ஓரத்தில் நிற்கும் ஓர் ஆட்டோ. படத்துடன் ஒரு செய்தி: திருவனந்தபுரம் சாலைக்கு அருகில் வீடு வாடகைக்கு உள்ளது, முன்பணத்தை இன்றே அனுப்பினால் வேறு எவருக்கும் தரமாட்டோம். தென் மாவட்டங்களிலிருந்து உயர் சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் செல்லும் குடும்பங்கள் சில மாதங்கள் தங்குவதற்கு வீடு தேடுவது வழக்கம். நோயாளியை விட்டு அகல முடியாத நிலையில், நேரில் சென்று பார்ப்பதற்கு அவர்களுக்கு நேரம் இருப்பதில்லை. படத்தை நம்பியே பணம் அனுப்ப நேரிடுகிறது. அப்படம் உண்மையில் சாலையில் எடுக்கப்பட்டதுதானா என்பதை வீட்டிலிருந்தபடியே ஓரளவு சோதிக்க இயலும். அதற்கான வழிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

தெருவின் படத்தைப் பார்த்து ஊரைக் கூறுவது இன்று உலகெங்கும் ஒரு விளையாட்டாகவே வளர்ந்துள்ளது. சுவீடன் நாட்டைச் சேர்ந்த ஆன்டன் வாலேன் 2013ஆம் ஆண்டில் உருவாக்கிய ஜியோகெஸ்ஸர், ஏதோ ஒரு நாட்டின் ஏதோ ஒரு தெருவைக் காட்டி, அது எந்த இடம் என்று வினவும். இந்தியத் தெருக்களின் முழுவட்டப் படங்கள் 2022 ஜூலையில் முதற்கட்டமாகச் சென்னை உள்ளிட்ட பத்து நகரங்களுக்குக் கூகுள் வரைபடத்தில் வெளியாயின. செய்தியாளர்களும் இம்முறையைக் கையாள்கின்றனர். ஓரிடத்தில் நிகழ்ந்ததாகப் பரவும் படம் அவ்விடத்தைச் சேர்ந்ததுதானா என்பதை அவர்கள் இவ்வாறே உறுதிசெய்கின்றனர். தேர்ந்தவர்கள் குருட்டு ஊகத்தை நம்புவதில்லை. படத்தில் உள்ள ஒவ்வொரு தடயத்தையும் தனித்தனியே எடைபோட்டு, பொருந்தாத ஊர்களை ஒவ்வொன்றாக நீக்கி, இறுதியில் எஞ்சும் ஊரைக் கூறுகின்றனர்.

சாலை ஏன் நல்ல எடுத்துக்காட்டு?

திருவனந்தபுரத்தின் கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை கிழக்கு நோக்கி நீளும் கடைத்தெருவே சாலை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூரின் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் இதனைத் தோற்றுவித்தார். ஆலப்புழைத் துறைமுகத்தை வளர்த்தவரும் அவரே. தொடக்கம் முதலே தமிழ் வணிகர்கள் இங்குக் குடியேறி வாழ்ந்து வருகின்றனர். தமிழர் இதனைச் ‘சாலை’ என்பர். மலையாளிகள் ‘சால’ என்பர். அருகிலுள்ள வலியசாலைப் பகுதியே, முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் இடம்பெறும் காந்தளூர்ச் சாலை என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அங்கே ‘சாலை’ என்னும் சொல் வழியைக் குறிக்கவில்லை, கல்விக் கூடத்தைக் குறித்தது என்பதும் அவர்தம் கருத்து.

இரு மொழிகளும் இரு மாநிலங்களின் சரக்குகளும் கலந்து நிற்பதால், மேலோட்டமாகப் பார்ப்பவரைச் சாலை எளிதில் ஏமாற்றிவிடும். தமிழ்ப் பெயர்ப்பலகை ஒன்றை மட்டும் கண்டவர் இதனை நாகர்கோவில் என்பார். தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட சரக்குந்தைக் கண்டவர் திருநெல்வேலி என்பார். ஆகவே, எத்தடயம் உறுதியானது, எது நம்பத்தகாதது என்று பிரித்தறியப் பழகுவதற்குச் சாலையைவிடச் சிறந்த பயிற்சிக்களம் அரிது.

பலகையில் உள்ள எண்கள்

படத்தில் முதலில் தேடவேண்டியது எழுத்து. ஆயினும் மொழி மட்டும் போதாது. மொழி எல்லை தாண்டிப் பரவியிருக்கும். எண்களோ அவ்வாறு எளிதில் இடம் மாறுவதில்லை. பெயர்ப்பலகையைப் பெரிதாக்கிப் பார்த்தால் பின்வருவன கிட்டக்கூடும்.

சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு பெற்ற வணிகர், தம் பதிவு எண்ணைக் கடை வாயிலின் பெயர்ப்பலகையில் காட்டவேண்டும் என்பது விதி. பதினைந்து இலக்கங்கள் கொண்ட அவ்வெண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிப்பன. 32 என்றால் கேரளம்; 33 என்றால் தமிழ்நாடு. பலகை முழுவதும் தமிழில் இருப்பினும் எண் 32இல் தொடங்கினால், அக்கடை எல்லைக்கு அப்பால் உள்ளது என்று துணியலாம்.

தொலைபேசிக் குறியீடும் அத்தகையதே. திருவனந்தபுரத்துக்கு 0471, நாகர்கோவிலுக்கு 04652. அஞ்சல் குறியீட்டு எண் 695 என்று தொடங்கினால் திருவனந்தபுரம் பகுதி. 629 என்று தொடங்கினால் கன்னியாகுமரி மாவட்டம். 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த இக்குறியீட்டில், தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் முதல் இலக்கம் 6 என்பதே பொது. அடுத்த இரு இலக்கங்களே வேறுபாட்டைக் காட்டுகின்றன. திருவனந்தபுரம் மாநகராட்சிக் கட்டடங்களின் முகவரியில் ‘டி.சி.’ என்னும் முன்னெழுத்துகளும், அவற்றையடுத்து வட்ட எண்ணும் கதவு எண்ணும் இடம்பெறும். வாயில் நிலையில் இதனைக் கண்டால் நகரம் ஏறத்தாழ உறுதியாகிவிடும்.

வண்டிகளுள் எதை நம்புவது?

வண்டியின் பதிவெண் அது பதிவான இடத்தைச் சொல்லும். நிற்கும் இடத்தைச் சொல்லாது. திருவனந்தபுரத்துக்குரியது கே.எல். 01; நாகர்கோவிலுக்குரியது டி.என். 74; மார்த்தாண்டத்துக்குரியது டி.என். 75. காய்கறியும் பூவும் தமிழ்நாட்டிலிருந்து நாள்தோறும் வந்திறங்கும் சாலையில் தமிழ்நாட்டுப் பதிவெண்கள் மிகுதியாகத் தென்படுவது இயல்பு. 2021 முதல் வழங்கப்படும் ‘பி.எச்.’ வரிசை எண்களோ எம்மாநிலத்தையும் குறிப்பதில்லை.

எனவே தேர்ந்தவர்கள் நெடுந்தூரம் செல்லும் வண்டிகளை ஒதுக்கிவிட்டு, ஊரை விட்டு அகலாத வண்டிகளையே பார்ப்பர். ஆட்டோ அத்தகையது. அதன் உரிமம் ஒரு பகுதிக்கு உட்பட்டது. ஆகையால் அது தொலைதூரம் சென்று நிற்பது அரிது. கேரளத்தில் ஆட்டோவின் உடல் கருமையாகவும் மேற்பகுதி மஞ்சளாகவும் இருக்கும். சென்னையில் மஞ்சளே மிகுதி. தெருவில் நிற்கும் நான்கைந்து ஆட்டோக்களும் கருப்பு மஞ்சளாக இருந்து, பதிவெண்ணும் கே.எல். 01 எனின், அச்சான்று பத்துச் சரக்குந்துகளைவிட வலியது.

கட்டடங்கள் தரும் சான்றும் மயக்கமும்

கேரளக் கோயில்கள் பெரும்பாலும் தாழ்ந்த சரிவுக் கூரை உடையவை. உயர்ந்த அடுக்குக் கோபுரம் தெரிந்தால் தமிழ்நாடு என்று கூறத் தோன்றும். சாலைக்கு அருகிலேயே அவ்விதிக்கு விலக்கு உண்டு. பத்மநாபசுவாமி கோயிலின் கிழக்குக் கோபுரம் ஏழு நிலைகளுடன் ஏறத்தாழ நூறு அடி உயரத்துக்குத் தமிழ்நாட்டு முறையில் எழுந்து நிற்கிறது. மறுபுறம், ஓட்டுக் கூரையும் மர வேலைப்பாடும் கொண்ட பத்மநாபபுரம் அரண்மனையைக் காண்பவர் கேரளம் என்று எண்ணுவர். அது அமைந்திருப்பதோ கன்னியாகுமரி மாவட்டத்தில். பராமரிப்பதோ கேரள அரசின் தொல்லியல் துறை. 1956 நவம்பர் 1 வரை இப்பகுதிகள் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தமையே இம்மயக்கத்துக்குக் காரணம். பொதுவான பாணியைக் கொண்டு ஊரை முடிவு செய்தல் ஆகாது என்பதற்கு இவ்விரு கட்டடங்களே போதிய சான்று.

ஒரே கட்டடக் கலைஞரின் கைவண்ணமும் மயக்கம் தரலாம். 1880இல் நிறைவுற்ற திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியகத்தை வடிவமைத்த ராபர்ட் சிசோம்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லத்தையும் வடிவமைத்தவர். வளைவுகளையும் வண்ணங்களையும் மட்டும் நோக்கினால் இரண்டும் உறவுடையனவாகத் தோன்றும்.

ஆகவே, வேறெங்கும் காண இயலாத தனி அடையாளங்களைத் தேடவேண்டும். தம்பானூரில் லாரி பேக்கர் வடிவமைத்த இந்தியன் காப்பி இல்லம் செங்கல் நிறத்தில் சுருள்வட்டமாக மேலேறும். கோட்டைக்குள் சுவாதித் திருநாள் கட்டிய குதிரை மாளிகையின் கூரையைத் தாங்குவன போல 122 மரக் குதிரைகள் வரிசையாக உள்ளன. கோயிலின் கிழக்கு நடையருகே உள்ள மேத்தன் மணியில், மணி அடிக்கும்போது தாடி வைத்த முகம் வாய் திறக்க, இரு ஆடுகள் அதன் கன்னங்களில் மோதும். படத்தின் ஓரத்தில் இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் வேறு தடயம் தேவையில்லை.

நிழலும் திசையும்

வானமும் சான்று கூறும். திருவனந்தபுரம் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ எட்டரைப் பாகை வடக்கே உள்ளது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் கதிரவன் நண்பகலில் நேர் உச்சியில் நிற்பான். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கு நோக்கிச் சிறிதளவு விழும். கடகக் கோட்டுக்கு வடக்கே அமைந்த தில்லியில் நண்பகல் நிழல் ஆண்டின் எந்நாளிலும் தெற்கே விழாது.

சாலையின் முதன்மைத் தெரு ஏறத்தாழ மேற்கிலிருந்து கிழக்காகச் செல்வதையும் இங்கு நினைவிற்கொள்ளலாம். காலையில் எடுத்ததாகச் சொல்லப்படும் படத்தில் நீண்ட நிழல்கள் தெருவின் குறுக்கே விழுமாயின், அது முதன்மைத் தெருவாக இருத்தல் இயலாது. கிளைச் சந்தாக இருக்கலாம், அல்லது வேற்றூராக இருக்கலாம்.

தெருவோடு பழகியவர்கள் இத்தகைய நுட்பங்களைக் கணக்கிடாமலே உணர்வர். சாலையில் பாத்திரக் கடை நடத்திய எழுத்தாளர் ஆ. மாதவன், அத்தெருவின் மனிதர்களையே தம் ‘கடைத்தெருக் கதைகள்’ நூலில் வடித்தார். 2015ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். அவரைப் போன்ற ஒருவரிடம் படத்தைக் காட்டினால் நொடியில் விடை கிடைக்கும். அவ்வூரில் வாழும் உறவினரோ நண்பரோ உங்களுக்கு இருப்பின், எல்லாச் சோதனைக்கும் முன் அவர்களிடம் படத்தை அனுப்பிக் கேட்பதே சிறந்தது.

படத்துக்குள் மறைந்திருக்கும் குறிப்பு

கைப்பேசியில் இருப்பிட வசதி இயங்கும்போது எடுக்கப்படும் படத்துடன் நாள், நேரம், அகலாங்கு, நெட்டாங்கு ஆகியவையும் பதிவாகக்கூடும். வங்கிப் பணிகளிலும் அரசுத் திட்டங்களிலும் இவ்வசதி பயன்படுகிறது. காணொளி வழியாக வாடிக்கையாளரை அறியும் முறையில், அவர் இந்தியாவில் இருக்கிறார் என்பதை உறுதிசெய்ய இருப்பிடத்தைப் பதிவு செய்யுமாறு ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டத்திலும் கட்டுமானத்தின் ஒவ்வொரு நிலையும் புவிக்குறியிட்ட படங்களால் சரிபார்க்கப்படுகிறது.

ஆனால் வாட்ஸ்அப் வழியாக வழக்கமான முறையில் அனுப்பப்படும் படத்திலிருந்து இக்குறிப்புகள் நீங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் மட்டுமே அவை எஞ்சும். அவற்றைத் திருத்துவதும் கடினமன்று. ஆதலால் குறிப்பு இல்லாமை குற்றத்துக்குச் சான்றாகாது. குறிப்பு இருத்தல் நேர்மைக்குச் சான்றாகாது.

பணம் அனுப்பும் முன்

மேற்கூறிய தடயங்களுள் ஒன்று மட்டும் பொருந்தினால் நிறைவடைய வேண்டாம். ஒன்றையொன்று சாராத மூன்றேனும் பொருந்தவேண்டும். படத்தைக் கூகுள் லென்ஸ் போன்ற வசதியில் இட்டுத் தேடினால், அதே படம் வேறோர் ஊரின் விளம்பரத்தில் இடம்பெற்றுள்ளதா என்பது தெரியவரும். பின்னர், வீட்டு வாயிலிலிருந்து தெருமுனைக் கடை வரை நடந்துகொண்டே காணொளி அழைப்பில் காட்டுமாறு கேளுங்கள். கடையின் பெயர்ப்பலகையையும் வாயிலின் கதவு எண்ணையும் அருகில் காட்டச் சொல்லுங்கள். உண்மையான உரிமையாளருக்கு இது சில நிமிட வேலை. ஏமாற்றுபவரோ ஏதேனும் காரணம் கூறித் தவிர்ப்பார்.

இத்தனை சோதனைகளிலும் தேறிய படம், வீடு அங்கே உள்ளது என்பதை மட்டுமே மெய்ப்பிக்கும். படத்தை அனுப்பியவர்தாம் அவ்வீட்டின் உரிமையாளர் என்பதை மெய்ப்பிக்காது. உண்மையான வீட்டின் உண்மையான படத்தை எடுத்து, உரிமையற்ற ஒருவர் முன்பணம் கேட்பதும் உண்டு. அதனால் சொத்து வரி இரசீதும் அடையாள ஆவணமும் பெற்று, பெயர்களை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே பணம் அனுப்புங்கள். பணம் செல்லும் வங்கிக் கணக்கின் பெயரும் அதே பெயராக இருத்தல் வேண்டும். முன்பணத்தைத் திருப்பி அனுப்புவதாகக் கூறி யு.பி.ஐ. இரகசிய எண்ணை இடச் சொன்னால் உடனே விலகிவிடுங்கள். பணம் செலுத்துவதற்கே அவ்வெண் தேவை. பெறுவதற்கு ஒருபோதும் தேவையில்லை. ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால், சிறிதும் தாமதியாமல் 1930 என்னும் தேசிய இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்து, உங்கள் வங்கிக் கிளைக்கும் தெரிவியுங்கள். தொகை வேறு கணக்குகளுக்கு மாறுமுன் முறையிட்டால், அதனை முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு.

பிறர் அனுப்பும் படத்தில் நாம் தேடும் தடயங்கள் யாவும் நாம் வெளியிடும் படங்களிலும் உள்ளன என்பதை மறத்தலாகாது. வாயிற்படியில் நிற்கும் குழந்தையின் படத்தில் கதவு எண்ணும், வண்டியின் பதிவெண்ணும், எதிர்க்கடையின் தொலைபேசி எண்ணும் தெரியக்கூடும். குடும்பத்துடன் வெளியூர் சென்றிருக்கும்போது அங்கிருந்தே படங்களைப் பொதுவெளியில் இட்டால், பூட்டிய வீடு எது என்பதை அறியாதவர்க்கும் அறிவித்தவர்களாவோம். ஊர் திரும்பிய பின் படங்களைப் பகிர்வதும், பகிரும் முன் எண்களை மறைப்பதும், கைப்பேசிக் கேமராவின் இருப்பிடப் பதிவை நிறுத்திவைப்பதும் எவரும் இன்றே மேற்கொள்ளத்தக்க எளிய பாதுகாப்புகள்.